வன்னியில் குடியை விட நினைப்பவர்களுக்கு: கூட்டத்தைத் தேடுவது, போவது, இல்லாத இடத்தில் தொடங்குவது

குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கிழமைக்கு ஒருமுறை கூடி இருந்து கதைக்கிற கூட்டம் வன்னியில் பலருக்குப் பழக்கமில்லாத ஒன்று. பெருநகரங்களில் நேர அட்டவணையைப் பார்த்து இன்றைக்கு எங்கே என்று தெரிவுசெய்யலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்தில் தேடுகிறவர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றால்தான் போய்ச் சேருவார்: வைத்தியசாலை மூலம், போன் மூலம், அல்லது தானே இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு. எந்த வழி என்றாலும் ஒரு வேலை முதலில் இருக்கிறது.

கூட்டத்துக்கு முதல் ஆஸ்பத்திரி

விடிய எழும்பியதும் கை நடுங்கி, ஒரு வாய் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், "இன்றோடு விட்டேன்" என்று கோயிலில் சத்தியம் பண்ணிவிட்டு வீட்டில் படுக்கக் கூடாது. பல வருடம் தினமும் உள்ளே போன மது மூளையை அடக்கியே வைத்திருக்கும். மூளை அதற்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டிப் பழகியிருக்கும். அடக்கினது திடீரென்று இல்லாமல் போனால் அந்த வேகம் கட்டுக்கு மீறும். கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, ஓங்காளம், நித்திரையின்மை வரும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குக் காய்ச்சலோடு புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆட்களோடு கதைப்பார்கள். ஊரில் இதைப் பேய் என்று சொல்லி நூல் கட்டவும் தண்ணீர் ஓதவும் கொண்டுபோகிறார்கள். அந்த அலைச்சலில் போகிற நேரம் உயிருக்கு ஆபத்து. வலிப்போ பிதற்றலோ வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காசு இல்லை.

அந்த அளவுக்கு முற்றாதவர் விடிய வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மல்லாவி, புதுக்குடியிருப்பு, மாங்குளம், செட்டிகுளம் போன்ற இடங்களில் இருப்பவர்கள் அங்குள்ள வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்த நாளில் என்று கேட்டால் போதும். துண்டு எழுதுகிற இடத்தில் "வயித்துக்குள்ள எரியுது" என்று சுற்றி வளைக்க வேண்டாம். "குடியை விடவேணும், விட்டால் கை நடுங்குது, மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கோ" என்று நேரே சொல்லுங்கள். வயிற்றெரிவு என்று சொன்னால் வயிற்றெரிவுக்குத்தான் குளிசை வரும். உள்ளே போனதும் மூன்று விவரம் கேட்பார்கள்: என்ன குடிக்கிறீர்கள் (சாராயமா, கசிப்பா, கள்ளா), ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு. கால் போத்தல், அரைப் போத்தல் என்று உள்ளதைச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் நடுக்கத்துக்குத் தருகிற மருந்தும் குறைந்துவிடும். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். வைட்டமின் பி1 தருவார்கள். அது சும்மா சத்துக் குளிசை இல்லை. குடிப்பவர்களுக்கு அது குறைந்தால் நினைவும் நடையும் கெட்டுப்போகும், சில வேளை திரும்பி வராது.

வீட்டுக்காரருக்கு ஒன்று. "தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள், குடியை வெறுத்துவிடுவார்" என்று விற்கிற குளிசையையும் தூளையும் வாங்காதீர்கள். டைசல்பிராம் என்ற மருந்து உண்மையில் இருக்கிறது. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சு படபடக்கும். தனக்குத் தெரிந்து, வைத்தியர் பார்த்து எடுக்கிற மருந்து அது. தெரியாமல் கொடுக்கப்பட்டவர் வழமைபோல அரைப் போத்தல் அடித்தால் செத்தும் போகலாம்.

தேடுவது

கிளினிக்குக்குப் போன நாளிலேயே கேட்டுவிடுங்கள்: "குடியை விட்ட ஆக்கள் சேர்ந்து இருக்கிற கூட்டம் இங்க நடக்குதா?" வைத்தியரைவிட இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மனநலப் பிரிவில் வீடு வீடாகப் போகிற உத்தியோகத்தர்களும் தாதியரும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரிடமும் கேட்கலாம். கிராம அலுவலரிடம் கேட்பது உங்கள் விருப்பம். தகவல் கிடைக்கும், ஆனால் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கும்.

போனில் என்றால் 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 1927 தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். இரண்டிலும் எடுத்ததும் "தமிழில கதைக்கிற ஆளைத் தாங்கோ" என்று கேளுங்கள். கொழும்பில் வேலை செய்கிறவர்கள், அல்லது மாதம் ஒருமுறை சாமானுக்குப் போய்வருகிறவர்கள், சுமித்ராயோ என்ற உதவி அமைப்பு போதையை விட முயல்பவர்களுக்காக நடத்துகிற மெல் மெதுர நிலையத்தையும் கொழும்பில் நடக்கிற ஏ.ஏ. கூட்டங்களையும் பயன்படுத்தலாம்.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும், இருவரும் குடியில் மூழ்கினவர்கள், ஒருவரோடொருவர் கதைத்துக் கதைத்துக் குடியாமல் இருந்ததில் தொடங்கியது. சேர ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். சந்தா இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனியாக ஒன்று 1951 முதல் இருக்கிறது. "அவர் வரமாட்டார், நான் மட்டும் வரலாமோ" என்று கேட்கிற மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் போக வேண்டிய இடம் அதுதான். அவர் குடிக்கிறாரா விட்டாரா என்பது அங்கே கணக்கில்லை.

வன்னியின் உள்ளூர்களுக்கு இப்போதைக்கு நடைமுறையான வழி போனில் நடக்கிற கூட்டம். தமிழ்நாட்டில் தமிழிலேயே ஏ.ஏ. குழுக்கள் இருக்கின்றன. இந்திய நேரமும் நமது நேரமும் ஒன்றே என்பதால் அங்கே இரவு 7 மணி என்றால் இங்கேயும் 7 மணிதான். ஏ.ஏ.யின் இணையவழிக் கூட்டப் பட்டியலில் மொழியைத் தமிழ் என்று தெரிவுசெய்து தேடுங்கள். கனடா, லண்டன் சொந்தக்காரர் மூலம் கிடைக்கிற கூட்டம் என்றால் நேரத்தைக் கவனமாகக் கணக்குப் பாருங்கள். ரொறன்ரோவில் பின்னேரம் என்பது இங்கே விடியப்புறம்.

சூம் என்ற வீடியோ அழைப்புச் செயலியில் சேருமுன் செய்ய வேண்டியவை சில. செயலியில் முழுப்பெயர் பதிந்திருந்தால் முதற்பெயராக, அல்லது வேறு ஒரு பெயராக மாற்றுங்கள். ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். கமராவை நிறுத்தினால் மட்டும் டேட்டா மிஞ்சாது, ஏனென்றால் மற்றவர்களின் படம் உங்கள் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். உள்ளே வருகிற வீடியோவையும் நிறுத்துகிற தெரிவு அங்கேயே இருக்கிறது. படத்தோடு ஒரு மணி நேரம் இருந்தால் 1 ஜீபி அளவு போகலாம், குரல் மட்டும் என்றால் 100 எம்பிக்குள் முடியும். காதுக்கு இயர்போன் கட்டாயம். உங்கள் வீட்டாருக்கு உங்கள் கதை தெரிந்திருக்கலாம், ஆனால் அந்தப் பக்கத்தில் கதைக்கிறவரின் கதை தெரியக் கூடாது. கூட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் சேரச் சொன்னால் ஒன்றை யோசியுங்கள்: அதில் எல்லாருக்கும் உங்கள் இலக்கம் தெரியும். தெரிய வேண்டாம் என்றால் நடத்துகிறவரிடம் மட்டும் இலக்கத்தைக் கொடுங்கள்.

முதல் தடவை போவது

நேரே போகிற கூட்டம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பஸ். ஏ9 வீதியை ஒட்டி இருப்பவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. துணுக்காய்ப் பக்கமோ முத்தையன்கட்டுப் பக்கமோ திரும்ப வேண்டியவருக்குப் பின்னேரப் பஸ்தான் கூட்டத்தைத் தீர்மானிக்கும். கூட்டம் 60 அல்லது 90 நிமிடம் எடுக்கும், முடிந்த பிறகு கால் மணி நேரம் நின்று கதைப்பதுதான் பலருக்குப் பிரயோசனமான பகுதி. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டுச் சந்தியில் நின்றால் சந்தியில் என்ன கடை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சொந்த ஊரில் நடக்கிற கூட்டம் வேண்டாம் என்று தோன்றினால் பக்கத்து நகரத்துக்குப் போவதில் பிழை இல்லை. பரந்தன்காரர் வவுனியாவுக்குப் போகலாம், ஓமந்தைக்காரர் கிளிநொச்சிக்குப் போகலாம்.

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று முன்கூட்டியே கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், கூட வருகிற நண்பர் யாரும் வரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தனியே போகக் கால் வராதவர் முதலில் திறந்த கூட்டத்துக்கு ஆளோடு போவது நல்லது.

போன இடத்தில் பலருக்கு வருகிற முதல் சந்தேகம், "இது என்ன திட்டம்?" என்பது. வன்னியில் கூட்டம் என்றால் வரவுத்தாளில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதாகையோடு படம் எடுத்து, மத்தியானப் பார்சலும் போக்குவரத்துக் காசும் வாங்கிக்கொண்டு வருவது என்று பழகிவிட்டது. இங்கே அவை ஒன்றும் இருக்காது. கையெழுத்து வாங்கினாலோ படம் எடுத்தாலோ அது ஏ.ஏ. கூட்டம் இல்லை, ஏதோ நிறுவனத்தின் நிகழ்ச்சி. நிகழ்ச்சி கூடாது என்றில்லை. ஆனால் பெயர் எதற்கு, எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது சந்தேகம் மதம். கூட்டங்கள் தேவாலய அறைகளில் நடப்பதுண்டு, காரணம் இடம் சும்மா கிடைப்பது. மதம் மாற்றுகிற சபை இல்லை. குடியை விட ஏ.ஏ. சொல்கிற வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்று வரும், அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் என்றுதான் எழுதியிருக்கிறது. அது முருகனாகவும் இருக்கலாம், மடு மாதாவாகவும் இருக்கலாம். ஒன்றிலும் நம்பிக்கையில்லாதவர்கள் அங்கே கூடியிருக்கிறவர்களையே தங்களை மிஞ்சின சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். கடவுள் பேச்சே சரிவராது என்பவருக்கு ஸ்மார்ட் ரிக்கவரி என்று இன்னொரு அமைப்பு இணையத்தில் கூட்டம் நடத்துகிறது, ஆங்கிலம் தெரிந்திருந்தால் உதவும்.

கதிரைகள் வட்டமாகப் போட்டிருக்கும். நடத்துகிறவர் ஒரு சிறு அறிமுகத்தை வாசிப்பார், சில வினாடி மௌனம், பிறகு ஒவ்வொருவராகக் கதைப்பார்கள், ஆளுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் இடையில் புகுந்து கேள்வி கேட்பதோ புத்தி சொல்வதோ இல்லை. இது நம் ஆட்களுக்கு மிகக் கஷ்டமான விதி. ஊரில் ஒருவர் கஷ்டம் சொன்னால் நாலு பேர் வழி சொல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் புத்திமதி கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்தான் இங்கே வந்திருக்கிறார். உங்கள் முறை வரும்போது முதற்பெயரைச் சொல்லி, "இண்டைக்குக் கேக்க மட்டும் வந்தனான்" என்றால் போதும். கதைத்தால் உங்கள் குடியைப் பற்றிக் கதையுங்கள், மனிசியின் குணத்தைப் பற்றி அல்ல. யார் என்ன சொன்னார் என்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது. "அவரும் வந்தவர்" என்று மட்டும் சொல்வதுகூடக் கூடாது.

போரின் கதை வரும். 2009க்குப் பிறகு குடிக்கத் தொடங்கினவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், முகாமில் பழகினவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லத் தடையில்லை, யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற விசாரணைதான் கூடாது. சொல்லிக்கொண்டிருக்கையில் ஒருவருக்கு உடம்பு நடுங்கி மூச்சு வாங்கினால் நடத்துகிறவர் கதையை அங்கேயே நிறுத்தி, வெளியில் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். அந்தக் காயத்துக்கு வைத்தியம் கிளினிக்கில்தான். கூட்டம் அதற்குப் போதாது.

முடிவில் ஒரு தகரமோ தொப்பியோ சுற்றி வரும். இருபது, ஐம்பது, முடிந்ததைப் போடலாம், முதல் தடவை வந்தவர் போடாமலும் விடலாம். தேத்தண்ணி இருக்கும். ஊற்றுகிறவருக்கு ஒரு குறிப்பு: புதிதாக வந்தவருக்குக் கோப்பையில் பாதிதான் ஊற்றுங்கள். குடியை விட்ட முதல் நாட்களில் கை ஆடும், நிறைந்த கோப்பை சிந்தினால் அவர் அடுத்த கிழமை வரமாட்டார்.

வெளிக்கிடுமுன் ஒரு வேலை கட்டாயம்: ஒருவருடைய போன் இலக்கத்தை வாங்குங்கள். ஒரு கூட்டத்தால் யாருக்கும் குடி நிற்காது. கிழமையில் ஒரு மணி நேரம் கூட்டம், மிச்ச 167 மணி நேரத்தில் ஆசை வரும்போது எடுக்க ஒரு இலக்கம். ஏ.ஏ.யில் புதியவரிடம் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது. இங்கே நேரே போய் அது முடியாது. நேரே கிழமைக்கு ஒன்று, மற்ற நாளில் போன் கூட்டம் அல்லது அந்த இலக்கத்துக்கு ஒரு அழைப்பு என்று வைத்தால் கிட்டப் போகலாம்.

நாள் போகப் போக ஒருவரை வழிகாட்டியாகத் தெரிவுசெய்ய வேண்டும். குடியை விட்டு ஒரு வருடமாவது ஆனவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். சொந்தக்காரர் வேண்டாம், காசு கொடுத்து வாங்குகிற ஆளும் வேண்டாம். வன்னியில் யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருக்கும் என்பதால் யாழ்ப்பாணத்தில் அல்லது தமிழ்நாட்டில் இருக்கிற ஒருவர் போனில் வழிகாட்டியாக இருப்பது பல வேளை வசதி.

குடிக்கிற பெண்களுக்குத் தேடுவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் குடிப்பதையே மறைத்துத்தான் குடிக்கிறார்கள். பெண்களுக்கான தனிக் கூட்டம் இணையத்தில் கிடைக்கும், அதுதான் முதலில். வீட்டில் அடி உதை இருந்தால் கூட்டம் அதற்குத் தீர்வில்லை: 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், உடனடி ஆபத்தென்றால் 119.

ஒருவரைக் கூட்டிப்போக நினைக்கிற குடும்பத்தார் வெறியில் இருக்கும்போது கேட்காதீர்கள். அப்போது "ஓம்" என்பார், விடிய மறந்துவிடுவார். விடிய, முகம் கழுவின பிறகு, பிள்ளைகள் இல்லாத நேரம், "அண்ணை, சனிக்கிழமை ஒரு இடத்துக்குப் போவம், நானும் வாறன், நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விடுங்கள். முதல் மாதங்களில் மனம் மிகவும் தளரும். வீட்டில் இருக்கிற வயல் மருந்தைப் பூட்டி, திறப்பை வேறு ஆளிடம் கொடுத்து வையுங்கள்.

பக்கத்தில் இல்லையென்றால்

குடியை விட விரும்புகிற இரண்டு மூன்று பேர் கூடினாலே அது குழு என்கிறது ஏ.ஏ. மரபு, வேறு எந்த அமைப்போடும் அந்தக் குழு கட்டுப்படாமல் இருந்தால் சரி. ஆகவே பதிவு, தலைவர், செயலாளர், யாப்பு ஒன்றும் வேண்டாம். வேண்டியது ஒரு இடம், மாறாத ஒரு நேரம், இரண்டு திறப்பு. திறப்பு ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று புதிதாக வந்தவர் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், பிறகு வரமாட்டார்.

சனசமூக நிலையம், முன்பள்ளிக் கட்டடம், பொதுநோக்கு மண்டபம் எதுவும் சரி. ஒருவரின் வீடு சரிவராது: அவர் குடித்துவிட்டால் கூட்டமும் போகும். தவறணை இருக்கிற ஒழுங்கையும் வேண்டாம். பொது மண்டபம் என்றால் என்ன கூட்டம் என்பதைப் பொறுப்பானவருக்கும் கிராம அலுவலருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், பெயர்களைக் கொடுக்காமல். சொல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு என்ன கதைக்கிறார்கள் என்று கதை கிளம்பும். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கோயிலுக்குப் போய்விடும், ஞாயிறு காலை பூசைக்குப் போய்விடும். கூலி வேலைக்காரருக்குச் சனி பின்னேரம் 4 மணி பொருந்தும்: கிழமைக் கூலி கைக்கு வந்து, கால் கடைப்பக்கம் திரும்புகிற நேரமும் அதுதான்.

பன்னிரண்டு படிகளின் தமிழ் வடிவம் தமிழ்நாட்டுக் குழுக்களிடம் இருக்கிறது, கேட்டால் போனுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு படியை வாசித்துக் கதைத்தால் ஒரு மணி நேரம் போதாமல் போகும். நடத்துகிறவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒருவரே நடத்தினால் அது பிரசங்கமாகிவிடும். நிறுவனம் ஏதாவது உதவ வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். சாப்பாடும் போக்குவரத்துக் காசும் கொடுத்துத் தொடங்கின கூட்டம் அந்தத் திட்டக் காலம் முடிகிற மாதமே முடிந்துவிடும். தேயிலையும் சீனியும் தகரத்துக் காசில் வாங்கலாம். பல கிழமை இரண்டு பேர் மட்டுமே இருப்பீர்கள். இரண்டு பேர் என்றாலும் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியுங்கள், "ஆள் வரேல்லை" என்று ஒரு கிழமையும் நிறுத்தாதீர்கள்.

வெறியில் ஒருவர் வந்தால் வெளியேற்ற வேண்டாம். இருக்கலாம், கேட்கலாம், அன்றைக்குக் கதைக்க முடியாது. சத்தம் போட்டால் ஒருவர் அவரோடு வெளியில் போய் இருக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கிவைத்துவிட்டு.

வழுக்குகிற நாட்கள்

காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வருகிற மாசி, பங்குனி. வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, தீபாவளி. செத்தவீடு. இந்த நாட்களில் கூட்டத்தை ஒத்திவைப்பது வழக்கம், அதுதான் பிழை. அந்தக் கிழமையில் இன்னுமொரு கூட்டம் கூட்டி வையுங்கள். செத்தவீட்டுக்குப் போகிறவர் இன்னொருவரோடு போகட்டும், பறை அடங்கும்வரை நிற்காமல் முகம் காட்டிவிட்டுத் திரும்பட்டும். போயாவுக்குக் கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி வைக்கிற பழக்கம் இருக்கிறது, போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு அழைப்பு எடுங்கள். குடிக்கிற நேரத்தில் கையும் வாயும் சும்மா இருந்தால் ஆசை ஏறும். முறிகண்டிக் கச்சான் ஒரு பை இதற்கு நல்ல மருந்து, வைத்தியசாலையில் எழுதித் தரமாட்டார்கள்.

"சாராயத்தைத்தான் விட்டனான், கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி" என்ற கதை கட்டாயம் வரும். பனங்கள்ளிலும் பியர் அளவுக்கு மது இருக்கிறது. குடிக்கு அடிமைப்பட்டவருக்கு இரண்டு போத்தல் கள்ளு சாராயக் கடைக்குப் போகிற பாதை.

ஒருவர் திரும்பக் குடித்துவிட்டால் கூட்டத்தில் அவருக்குத் தண்டனை இல்லை, கதிரையும் மாறாது. குடியாமல் இருந்த நாள் கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பலமுறை விட்டு, பலமுறை தொடங்கினவருக்கு ஒவ்வொரு தடவையும் நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் முன்னையதைவிடக் கடுமையாக வரக்கூடும். போன தடவை வீட்டிலேயே சமாளித்தேன் என்பது இந்தத் தடவைக்குக் கணக்கில்லை. பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் முதலில் கிளினிக் கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போய், சனிக்கிழமை 4 மணிக்குக் கூட்டத்துக்கு வரட்டும்.